சுவரைப் பார்த்து நின்ற சிறுவன்

கோல் அடித்துப் பெயர் வாங்கிய இயன் ரைட், தொலைக்காட்சி மேசைக்கும் அங்கிருந்து சமூகப் பணிக்கும் வந்து சேர்ந்த கதை

‘மேட்ச் ஆஃப் த டே’ இங்கிலாந்தின் சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி. பகலில் நடந்த லீக் ஆட்டங்களின் முக்கியக் கட்டங்களைத் தொகுத்துக் காட்டி, முன்னாள் வீரர்களை உட்காரவைத்து அலசும் இந்த நிகழ்ச்சியை பிபிசி 1964 ஆகஸ்ட் 22 முதல் ஒளிபரப்பிவருகிறது. முதல் நாள் காட்டியது லிவர்பூல் – ஆர்சனல் ஆட்டம். 3-2 என்று லிவர்பூல் வென்றது.

சில ஆண்டுகள் கழித்து, தென்கிழக்கு லண்டனின் பிராக்லி பகுதியில் இரண்டு சிறுவர்கள் இந்த நிகழ்ச்சிக்காக வாரம் முழுவதும் காத்திருந்தார்கள். அது தொடங்கும் நேரத்தில், வீட்டில் இருந்த வளர்ப்புத் தந்தை அவர்களைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்வார். கூட்டத்தின் இரைச்சலும் வர்ணனையாளரின் குரலும் காதில் விழும். திரும்பிப் பார்க்கக் கூடாது. அந்த இருவரில் இளையவர்தான் இயன் ரைட்.

1997-ல் அவர் அதே நிகழ்ச்சியின் மேசையில் விருந்தினராக உட்கார்ந்தார். எல்விஸ் பிரெஸ்லியின் ரசிகர்களுக்கு அவருடைய கிரேஸ்லேண்ட் மாளிகை எப்படியோ, தனக்கு இந்த இடம் அப்படி என்று தொகுப்பாளர் டெஸ் லைனமிடம் அன்று சொன்னார். கேட்டவர்களுக்கு அது வேடிக்கைப் பேச்சாகப் பட்டிருக்கலாம். அந்தச் சுவரைப் பற்றி அப்போது யாருக்கும் தெரியாது.

பதிவேடு சுமந்த பையன்

இயன் ரைட் 1963 நவம்பர் 3-ம் தேதி லண்டனின் வூலிச்சில் பிறந்தார். பெற்றோர் ஜமைக்காவிலிருந்து குடியேறியவர்கள். சிறு வயதிலேயே தந்தை வீட்டைவிட்டுப் போய்விட்டார். பின்பு தாயோடு வாழ வந்தவர் தாயையும் பிள்ளைகளையும் கொடுமைப்படுத்தினார். இரவில் சண்டை முற்றும்போது, தம்பிக்குச் சத்தம் கேட்காதபடி அண்ணன் இரு கைகளாலும் அவனுடைய காதுகளைப் பொத்திக்கொள்வார்.

வீட்டில் அடக்கிவைத்த கோபம் பள்ளியில் வெடித்தது. டர்ன்ஹாம் தொடக்கப்பள்ளியில் வகுப்பைக் கலைக்கும் பையன் என்று பெயர் எடுத்து, அடிக்கடி வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டார். அப்படி நின்றவரை சிட்னி பிக்டன் என்ற ஆசிரியர் தன்னோடு அழைத்துக்கொண்டார். இரண்டாம் உலகப்போரில் விமானியாக இருந்தவர் பிக்டன். பையனுக்குப் படிக்கவும் எழுதவும் சொல்லிக் கொடுத்தார். வகுப்பு வகுப்பாகப் போய் வருகைப் பதிவேடுகளை வாங்கிவரும் வேலையையும் அவனிடம் ஒப்படைத்தார். ஒரு பொறுப்புக்குத் தான் லாயக்கானவன் என்று முதன்முதலில் உணர்ந்தது அப்போதுதான் என்று ரைட் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

பிக்டன் கால்பந்தும் கற்றுக்கொடுத்தார். கோல் கம்பத்துக்கு முன்னால் பந்து கிடைத்தால் பலம் கொண்ட மட்டும் உதைப்பது பையனின் வழக்கம். அப்படி உதைக்காதே, ஜிம்மி கிரீவ்ஸைப் பார், அவர் பந்தை வலைக்குள் தள்ளிவிடுகிறார் என்பது ஆசிரியரின் பாடம். இங்கிலாந்துக்காக 57 ஆட்டங்களில் 44 கோல் அடித்தவர் கிரீவ்ஸ். இருபது வருடம் கழித்து ரைட் அடித்த கோல்கள் பலவற்றில் இந்தப் பாடம் தெரிந்தது. கோல்கீப்பர் முன்னேறி வரும்போது, அவர் தலைக்கு மேலாகப் பந்தை மெல்லத் தூக்கி விடுவது அவருடைய தனி முத்திரை ஆனது.

இருபத்தொரு வயதில் திறந்த கதவு

இங்கிலாந்தில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிறவர்கள் பெரும்பாலும் பதினாறு, பதினேழு வயதுக்குள் ஏதாவதொரு கிளப்பின் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்துவிடுவார்கள். ரைட்டுக்கு அது அமையவில்லை. சவுத்எண்ட், பிரைட்டன் ஆகிய கிளப்புகள் தேர்வு ஆட்டத்தில் பார்த்துவிட்டு வேண்டாம் என்றன. கட்டட வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர் அணிகளுக்கு ஆடினார். குடும்பச் சுமையும் சேர்ந்தது. வாகன விதிமீறல் அபராதங்களைக் கட்டாததற்காகச் சில நாள் செம்ஸ்ஃபோர்டு சிறையிலும் இருந்தார். சிறை அறையின் கதவு மூடியதும் அழுது, இனிக் கால்பந்தில் எப்படியும் முன்னேறியே தீர்வது என்று உறுதி எடுத்ததாக அவர் சொல்லியிருக்கிறார்.

கிரீனிச் பரோ என்ற சிறிய கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தவரை கிரிஸ்டல் பேலஸ் கிளப் தேர்வுக்கு அழைத்தது. மேலாளர் ஸ்டீவ் காப்பலுக்கு அவரைப் பிடித்துப்போனது. 1985 ஆகஸ்டில், 22 வயது நிறைய மூன்று மாதம் இருக்கையில், ரைட் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

அங்கே மார்க் பிரைட்டும் அவரும் இணைந்த முன்களம் பேலஸை 1989-ல் முதல் டிவிஷனுக்கு உயர்த்தியது. 1990 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் எதிரணி மான்செஸ்டர் யுனைட்டெட். அந்தப் பருவத்தில் கால் எலும்பு இருமுறை முறிந்திருந்த ரைட், பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பேலஸ் 1-2 என்று பின்தங்கியிருந்தபோது மாற்று ஆட்டக்காரராக இறங்கி, சில நிமிடங்களில் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் இன்னொரு கோல் அடித்து அணியை முன்னிலைக்குக் கொண்டுபோனார். ஆட்டம் 3-3 என்று முடிந்தது. மறு ஆட்டத்தில் யுனைட்டெட் 1-0 என்று வென்றது. கோப்பை கைநழுவினாலும், ரைட்டின் பெயர் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

1991 செப்டம்பரில் ஆர்சனல் 25 லட்சம் பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது. அந்த கிளப் அதுவரை எந்த வீரருக்கும் அவ்வளவு தொகை கொடுத்ததில்லை. சவுத்ஹாம்ப்டனுக்கு எதிரான முதல் லீக் ஆட்டத்திலேயே ஹாட்ரிக் அடித்தார். 1993-ல் எஃப்.ஏ. கோப்பை, லீக் கோப்பை இரண்டும் ஆர்சனலுக்கு வந்தன. எஃப்.ஏ. கோப்பையின் இறுதியாட்டம், மறு ஆட்டம் இரண்டிலும் அவர் கோல் அடித்தார். பிராக்லியில் அதே ஹானர் ஓக் குடியிருப்பில் வளர்ந்த டேவிட் ரோகாஸ்டல், ரைட் சேர்ந்தபோது ஆர்சனலின் நடுக்கள வீரர். தன்னைவிடச் சிறியவரான அந்தத் தோழரை ரைட் எப்போதும் மரியாதையோடுதான் குறிப்பிடுவார். புற்றுநோய் தாக்கி 2001-ல் ரோகாஸ்டல் இறந்தபோது அவருக்கு வயது 33.

ஆர்சனலுக்காக மிக அதிகமான கோல் அடித்தவர் என்ற பெருமை 1939 முதல் கிளிஃப் பாஸ்டினிடம் இருந்தது, எண்ணிக்கை 178. 1997 செப்டம்பர் 13-ம் தேதி போல்டனுக்கு எதிரான ஆட்டத்தில் ரைட் அதை எட்டினார். எட்டிய உற்சாகத்தில் கணக்கை மறந்து சட்டையைத் தூக்கிவிட்டார். உள்ளே அணிந்திருந்த பனியனில் ‘179 – செய்து முடித்தேன்’ என்ற பொருளில் எழுதியிருந்தது. கணக்குப்படி அது 178 மட்டுமே. சில நிமிடங்களில், கோல் கோட்டுக்கு ஒரு எட்டு முன்னால் கிடைத்த பந்தைத் தட்டிவிட்டு, மீண்டும் சட்டையைத் தூக்கினார். இந்த முறை கணக்கு சரி. அன்றே ஹாட்ரிக்கையும் முடித்தார்.

ஆர்சனலில் மொத்தம் 288 ஆட்டங்கள், 185 கோல்கள். 2005-ல் தியரி ஆன்ரி தாண்டும்வரை அதுவே கிளப்பின் உச்சம். இங்கிலாந்து அணிக்காக 33 ஆட்டங்களில் 9 கோல். 1998-ல் லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டையும் வென்ற அணியிலிருந்து விடைபெற்று வெஸ்ட் ஹாம், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், செல்டிக், பர்ன்லி என்று சுற்றி, 2000-ல் ஆட்டத்தை நிறுத்தினார்.

வீரர்கள் மேசைக்கு வந்த வரலாறு

ஆடி முடித்தவரை அழைத்து ஆட்டத்தைப் பற்றிப் பேசவைப்பது பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஒரு தொழிலாக நிலைபெற்றதில் ஜிம்மி ஹில்லின் பங்கு பெரிது. ஃபுல்ஹாம் அணியின் வீரரான அவர், வீரர் சங்கத் தலைவராக இருந்து, வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் சம்பளம் தரக் கூடாது என்ற கட்டுப்பாட்டை 1961-ல் நீக்க வைத்தவர். பிறகு கொவென்ட்ரி அணியின் மேலாளராக இருந்துவிட்டு ஐடிவி தொலைக்காட்சிக்குப் போனார். 1970 உலகக்கோப்பையின்போது மால்கம் ஆலிசன், பாட் கிரெரண்ட், டெரிக் டூகன், பாப் மெக்னாப் ஆகியோரை ஐடிவி ஒரே அரங்கில் உட்காரவைத்தது. அவர்கள் ஒருவரையொருவர் மறுத்துப் பேசினார்கள், சீண்டினார்கள், கோபப்பட்டார்கள். ஆட்டத்தைப் போலவே அந்த வாக்குவாதத்துக்கும் பார்வையாளர்கள் சேர்ந்தார்கள்.

1992-ல் பிரீமியர் லீக் தொடங்கி, நேரலை உரிமையை ஸ்கை நிறுவனம் வாங்கிய பிறகு தேவை பெருகியது. நேரலை ஆட்டம் என்றால் முன்னும் பின்னும் இடைவேளையிலும் பேச ஆள் வேண்டும். பிபிசியில் ஆலன் ஹான்சன் தற்காப்பு ஆட்டக்காரர்களின் பிழைகளைத் திரையில் நிறுத்தி நிறுத்திக் காட்டிப் பேர் வாங்கினார். அதுவே நல்ல அலசலுக்கு இலக்கணம் ஆயிற்று: நிதானமான குரல், சுருக்கமான தீர்ப்பு, பிழையைச் சுட்டும் விரல்.

அலசும் வேலை பார்வைக்குத் தெரியும் அளவுக்கு எளிதல்ல. ‘மேட்ச் ஆஃப் த டே’ 2011-ல் லண்டனிலிருந்து சால்ஃபர்டுக்கு இடம் மாறியது. அங்கே அலச வருகிறவர்கள் ஆட்டங்கள் தொடங்கும் முன்பே வந்துவிட வேண்டும். ஒரே நேரத்தில் பல ஆட்டங்கள் வெவ்வேறு திரைகளில் ஓடும். கண்ணில் பட்டதைக் குறித்துக்கொண்டு, எந்த ஆட்டத்தில் எந்த நிமிடம் என்று படத்தொகுப்பாளரிடம் சொல்ல வேண்டும். ஒரு வீரர் பந்து இல்லாதபோது ஓடிய ஓட்டம், ஒரு தற்காப்பாளர் திரும்பிப் பார்க்கத் தவறிய கணம் ஆகியவற்றை வெட்டி ஒட்டி ஒன்றரை, இரண்டு நிமிடத் துண்டாக ஆக்குவார்கள். இரவு பத்தரை வாக்கில் ஒளிபரப்பு தொடங்கும்போது, நாள் முழுக்கப் பார்த்ததில் சொல்லக் கிடைப்பது சில வாக்கியங்கள்தான்.

சிரிக்க வைப்பவர்

ரைட் இந்த உலகத்துக்குள் பக்கவாட்டில் நுழைந்தார். ஆடிக்கொண்டிருந்த 1998-லேயே ஐடிவியில் வெள்ளிக்கிழமை இரவு அரட்டை நிகழ்ச்சி ஒன்று அவர் பெயரில் தொடங்கியது. திரைக்கு ஏற்ற ஆள் என்று தொலைக்காட்சிக்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள்: தங்கப்பல் மின்னும் சிரிப்பு, மனதில் இருப்பது முகத்தில் தெரியும் சுபாவம், தென்லண்டன் பேச்சு. 2000-ல் அவருக்கு எம்பிஇ விருதும் கிடைத்தது.

பிபிசியில் இங்கிலாந்தின் ஆட்டங்களுக்கு அவர் அலச வந்தபோது, அந்தச் சுபாவம் பலமும் ஆனது, பலவீனமும் ஆனது. இங்கிலாந்து தோற்றால் அவர் முகம் வாடிவிடும். வென்றால் நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டார். அவருடைய வளர்ப்பு மகன் ஷான் ரைட்-பிலிப்ஸ் இங்கிலாந்துக்கு ஆடிய காலம் அது. மகனின் ஆட்டத்தைத் தந்தை எப்படி நடுநிலையாக அலச முடியும் என்ற கேள்வியும் எழுந்தது. மேசையில் மற்றவர்கள் தந்திரத்தைப் பேசினார்கள். இவர் ரசிகரின் இடத்தை நிரப்பினார்.

2008-ல் அவர் பிபிசியைவிட்டு விலகினார். கோமாளி வேலைக்குத் தன்னை வைத்திருப்பதுபோல் உணர்ந்ததாகவும், இளம் பார்வையாளர்களுக்கு நெருக்கமான முகங்கள் மேசையில் இல்லை என்றும் காரணம் சொன்னார். விளையாட்டு ஒளிபரப்பில் கறுப்பின வீரர்கள் பெரும்பாலும் கலகலப்புக்காக அழைக்கப்படுகிறார்கள், தீர்ப்புச் சொல்வதற்கு அழைக்கப்படுவதில்லை என்ற பெரிய கேள்வியும் அதற்குள் இருந்தது.

அரங்குக்கு வெளியே

இந்த ஆண்டுகளில் அவர் செய்த வேறு சில நிகழ்ச்சிகள்தான் பின்னாளைய பணிக்கு விதை. 2006-ல் சேனல் 4-க்காக, உடல் பருத்த பள்ளிப் பிள்ளைகள் சிலரை அழைத்து உடற்பயிற்சிக்குப் பழக்கும் தொடர் ஒன்றை நடத்தினார். பிள்ளைகளோடு பெற்றோரையும் சேர்த்துப் பேசினால் ஒழிய மாற்றம் நிலைக்காது என்பது அந்தத் தொடரில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் தெரிந்தது.

2009-ல் ஸ்கை தொலைக்காட்சிக்காக டார்செட் மாவட்டத்தின் போர்ட்லேண்டில் இருக்கும் இளங்குற்றவாளிகள் சிறைக்குள் கால்பந்துப் பயிற்சிக்கூடம் நடத்தினார். பந்தாட்டம் இதில் தூண்டில் மட்டுமே. பயிற்சியில் இடம் வேண்டுமென்றால் ஒழுங்கு காக்க வேண்டும், வகுப்புக்குப் போக வேண்டும், சண்டை போட்டால் இடம் போகும். சிறைக் கதவு மூடும் சத்தத்தை உள்ளிருந்து கேட்டவர் என்பதால், அங்கிருந்த இளைஞர்களிடம் அவர் பேசியதில் உபதேச வாடை குறைவாக இருந்தது.

இவற்றுக்கு முன்பே, 2005-ல் ஒரு படப்பிடிப்பு. ஆர்சனலின் பழைய ஹைபரி மைதானத்தில் ரைட் நின்றுகொண்டிருக்கிறார். பின்னாலிருந்து ஒரு முதியவர் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். திரும்பிப் பார்க்கிற ரைட்டுக்குப் பேச்சு எழவில்லை. சட்டென்று கை போய் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றுகிறது. பிக்டன் இறந்துவிட்டார் என்றே அவர் அதுவரை நினைத்திருந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர், பள்ளிச் சிறுவனைப்போல் ஆசிரியரின் தோளில் முகம் புதைத்து அழுதார். சில நிமிடங்களே ஓடும் அந்தக் காட்சி இன்றும் இணையத்தில் கைமாறிக்கொண்டிருக்கிறது. பிக்டன் 2017-ல், 95-ம் வயதில் காலமானார்.

வீட்டுக் கதவைத் திறந்த பேச்சு

சில ஆண்டுகள் வேறு அலைவரிசைகளில் இருந்துவிட்டு ரைட் பிபிசிக்குத் திரும்பியபோது, அரங்கம் மாறியிருந்தது. தந்திரப் பலகைகளும் புள்ளிவிவரங்களும் எல்லாத் தொலைக்காட்சியிலும் கிடைத்தன. ஓர் ஆட்டம் ஒருவருக்குள் என்ன செய்கிறது என்று சொல்ல ஆள் குறைவு. முன்பு கோமாளித்தனமாகப் பார்க்கப்பட்ட அதே உணர்ச்சியை இப்போது பார்வையாளர்கள் நேர்மையாக எடுத்துக்கொண்டார்கள்.

2020 பிப்ரவரியில் பிபிசி வானொலியின் ‘டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்’ நிகழ்ச்சியில் அவர் தன் சிறுவயதைத் திறந்து பேசினார். சுவரைப் பார்த்து நின்றது, காதைப் பொத்திய அண்ணன், வகுப்புக்கு வெளியே வந்து நின்ற பிக்டன், எல்லாம் அந்தப் பேச்சில் வந்தன. போரில் விமானம் ஓட்டிய பிக்டன், அந்தப் பெருமையைவிடப் பெரிது இந்த மாணவன் இங்கிலாந்துக்கு ஆடியதுதான் என்று கருதியதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

அடுத்து 2021 மே மாதம் பிபிசியில் ‘ஹோம் ட்ரூத்ஸ்’ என்ற ஆவணப்படம் வெளிவந்தது. ரைட் பிராக்லிக்கே திரும்பிப் போகிறார். வீட்டு வன்முறைக்கு நடுவே வளர்ந்தவர்களைச் சந்திக்கிறார். வன்முறையில் ஈடுபட்டு, இப்போது திருந்த முயலும் ஆண்களிடமும் பேசுகிறார். கோபத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் தான் பட்ட பாடு எங்கிருந்து வந்தது என்பதைத் தேடும் பயணமாகவும் படம் அமைந்தது. களத்தில் நடுவர்களோடும் எதிரணியினரோடும் அவர் மல்லுக்கு நின்ற காட்சிகளை 1990-களின் ரசிகர்கள் குறும்பாக எடுத்துக்கொண்டு சிரித்தார்கள்; படம் அவற்றுக்கு வேறு பொருள் கொடுத்தது.

படம் வந்த நேரமும் பொருந்தியது. அதற்குச் சில நாள் முன்பு, 2021 ஏப்ரல் 29-ம் தேதி, பிரிட்டனில் வீட்டு வன்முறைச் சட்டம் நிறைவேறியிருந்தது. அடி வாங்காவிட்டாலும், வீட்டில் நடக்கும் வன்முறையைப் பார்க்கும், கேட்கும், அதன் விளைவுகளை அனுபவிக்கும் குழந்தையும் பாதிக்கப்பட்டவரே என்று அந்தச் சட்டம் முதன்முறையாக வரையறுத்தது. சட்டத்தின் மூன்றாம் பிரிவு சொல்லும் குழந்தை எப்படி இருப்பான் என்பதற்கு, நாடறிந்த ஒரு முகம் திரையில் வந்து நின்றது.

அதே ஆண்டில் எழுத்தாளர் மூசா ஒக்வோங்காவுடன் சேர்ந்து இளையோருக்கான ‘ஸ்ட்ரைக்கிங் அவுட்’ என்ற நாவலையும் எழுதினார். கால்பந்துக் கனவும் வன்முறை நிறைந்த வீடும் கொண்ட ஒரு பையனின் கதை அது.

வசையும் மன்னிப்பும்

2020 மே மாதம் அயர்லாந்தைச் சேர்ந்த ஓர் இளைஞன், வீடியோ கேமாக ஆடிய கால்பந்தில் தோற்ற எரிச்சலில், சமூக ஊடகம் வழியாக ரைட்டுக்கு இனவெறி வசைகளை வரிசையாக அனுப்பினான். ரைட் அவற்றைப் பொதுவெளியில் காட்டினார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. இளைஞன் குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம் எழுதினான், ரைட் மன்னித்தார். 2021 பிப்ரவரியில் நீதிபதி குற்றத் தீர்ப்பு பதிவாகாமல் நன்னடத்தைக் கண்காணிப்போடு அவனை விடுவித்தார்.

ரைட் ஏமாற்றத்தை மறைக்கவில்லை. தான் மன்னித்தது தன் நிம்மதிக்காக. அதைக் காரணம் காட்டிச் சட்டம் தண்டிக்காமல் விட்டால், இப்படி எழுதுகிற மற்றவர்களுக்கு என்ன பயம் இருக்கும் என்பது அவர் வாதம். மன்னிப்பு வேறு, நீதி வேறு என்ற இந்தப் பிரிப்பு பிரிட்டிஷ், ஐரிஷ் பத்திரிகைகளில் விவாதமாக ஓடியது.

விற்பனைக்கு இல்லாத சட்டை

லண்டனில் 2021-ல் கொலையான பதின்வயதினர் 30 பேர். நகரம் அதற்குமுன் காணாத எண்ணிக்கை, பெரும்பாலும் கத்திக்குத்து. 2022 ஜனவரியில் ஆர்சனலும் அடிடாஸ் நிறுவனமும் ‘இனிச் சிவப்பு வேண்டாம்’ என்ற பொருள்படும் ‘நோ மோர் ரெட்’ இயக்கத்தைத் தொடங்கின. ரைட்டும் நடிகர் இட்ரிஸ் எல்பாவும் அதன் முகங்கள்.

ஆர்சனலின் நிறம் சிவப்பு. 2022 ஜனவரி 9-ம் தேதி நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்துக்கு அந்த அணி முழு வெள்ளைச் சீருடையில் வந்தது. நிறத்தை ரத்தத்தோடு சேர்த்து நினைக்க வைத்தது அந்த வெண்மை. ஆட்டத்தில் ஆர்சனல் 0-1 என்று தோற்றது.

அந்தச் சட்டையைக் கடையில் வாங்க முடியாது. தங்கள் பகுதி இளைஞர்களுக்காக உழைக்கிறவர்களுக்கு மட்டுமே அது தரப்படும் என்று கிளப் அறிவித்தது. ஆண்டுக்கு மூன்று சீருடை வெளியிட்டு விற்றுக் காசாக்கும் தொழிலில், ஒரு சட்டையை விற்காமல் வைத்திருப்பதே செய்தியானது. இளைஞர்கள் பாதுகாப்பாக ஆடும் திடல்களைப் புதுப்பிப்பதும், அவர்களுக்கு வழிகாட்டும் அமைப்புகளுக்கு உதவுவதும் இயக்கத்தின் மற்றப் பணிகள். அடுத்த ஆண்டுகளிலும் கோப்பை ஆட்டத்துக்கு ஒருமுறை வெள்ளை அணியும் வழக்கம் தொடர்ந்தது.

பெண்கள் ஆட்டத்தின் பக்கம்

இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1921 டிசம்பர் 5-ம் தேதி, தன்னைச் சேர்ந்த கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை விதித்தது. அந்தத் தடை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. அது அழித்த அடித்தளத்தை இன்னமும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆண்கள் ஆட்டத்தில் பெயர் வாங்கிய முன்னாள் வீரர்களில், பெண்கள் ஆட்டங்களை ரசிகராகவே தேடிப் போய்ப் பார்த்து, அதைப் பற்றித் தொடர்ந்து பேசியவர் ரைட்.

2022 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்துப் பெண்கள் சுவீடனை 4-0 என்று வென்ற இரவில், பிபிசி மேசையில் அவர் ஆட்டத்தைவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். இந்தப் போட்டிக்குப் பிறகும் பள்ளியில் பையன்களைப் போலவே பெண்பிள்ளைகளுக்கும் கால்பந்து ஆட வாய்ப்பு தராவிட்டால் இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று கேட்டார். ஜூலை 31-ம் தேதி வெம்ப்ளியில் 87,192 பேர் பார்க்க, இங்கிலாந்து 2-1 என்று ஜெர்மனியை வென்று கோப்பையை எடுத்தது. சில நாளில் அணியின் 23 வீராங்கனைகளும் அரசுக்குத் திறந்த மடல் எழுதினார்கள், கேட்டது அதையேதான். 2023 மார்ச் 8-ம் தேதி, பள்ளி விளையாட்டில் ஆண், பெண் இருபாலருக்கும் சம வாய்ப்பு என்ற அறிவிப்பை அரசு வெளியிட்டது. வெற்றி பெற்றது வீராங்கனைகளின் குரல். அது எழும் முன்பே அந்தக் கோரிக்கையை லட்சக்கணக்கானோர் பார்க்கும் நேரத்தில் வைத்தது ரைட்டின் பங்கு.

இந்தப் பங்கே அவர்மீது ஒரு கேள்வியையும் கொண்டுவந்தது. 2025 ஏப்ரலில், இங்கிலாந்தின் முன்னாள் வீராங்கனையும் அலசலில் முன்னோடியுமான எனி அலுகோ, பெண்கள் ஆட்டத்தில் பேசும் வாய்ப்புகள் குறைவாக இருக்கும்போது ஆண்கள் அந்த இடத்தை எடுத்துக்கொள்வது பற்றி வானொலியில் பேசுகையில் ரைட்டின் பெயரைக் குறிப்பிட்டார். எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டார். ரைட் அந்த மன்னிப்பை ஏற்க முடியவில்லை என்றும், விஷயத்தை இதோடு விட்டுவிடலாம் என்றும் பதில் சொன்னார். பெயரைச் சொன்ன விதம் தவறு என்றவர்களில் சிலரும், இடம் யாருக்கு என்ற கேள்வி மட்டும் நியாயமானது என்றார்கள்.

நாற்காலியைவிட்டு எழுந்தது

2023 மார்ச்சில் ‘மேட்ச் ஆஃப் த டே’ தொகுப்பாளர் கேரி லினேக்கர், அரசின் அகதிக் கொள்கையை விமர்சித்து எழுதினார்; அதற்காக பிபிசி அவரை நிகழ்ச்சியிலிருந்து விலகியிருக்கச் சொன்னது. சக வீரர்களில் முதலில் குரல் கொடுத்தவர் ரைட்: அந்த வாரம் தானும் வர மாட்டேன் என்றார். ஆலன் ஷியரரும் மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். மார்ச் 11-ம் தேதி நிகழ்ச்சி தொகுப்பாளரும் இல்லாமல், அலசலும் இல்லாமல், வர்ணனைகூட இல்லாமல் 20 நிமிடம் ஓடி முடிந்தது. சில நாளில் லினேக்கர் திரும்பினார்.

அதே ஆண்டு ஜூனில், கால்பந்துக்கும் அறப்பணிக்கும் ஆற்றிய சேவைக்காக ரைட்டுக்கு ஓபிஇ விருது அறிவிக்கப்பட்டது. டிசம்பரில் அவர், பருவம் முடிந்ததும் ‘மேட்ச் ஆஃப் த டே’யிலிருந்து விலகுவதாகச் சொன்னார். காரணம் எளிது: சனிக்கிழமைகள் தனக்கு வேண்டும். முதல் நாள் டெஸ் லைனமிடம் சொன்ன கிரேஸ்லேண்டை விடைபெறும் அறிக்கையிலும் மறக்காமல் குறிப்பிட்டார். 2024 மே 19-ம் தேதி, லீக் பருவத்தின் கடைசி நாள் இரவில், அந்த மேசையில் கடைசியாக உட்கார்ந்தார்.

பேச்சு நிற்கவில்லை. ஐடிவியில் இங்கிலாந்து அணியின் ஆட்டங்களை அலசுகிறார். கேரி நெவில், ஜேமி காரகர், ராய் கீன், ஜில் ஸ்காட் ஆகியோரோடு 2023-ல் தொடங்கிய ‘ஸ்டிக் டு ஃபுட்பால்’ பாட்காஸ்டில் ஒருவர். ஆட்டங்களுக்கு நேரம் குறித்துக் காத்திருக்கும் தொலைக்காட்சியைவிட, ஒரு மணி நேரம் தடையில்லாமல் பேசவிடும் இந்த வடிவம் அவருடைய சுபாவத்துக்கு ஒத்துப்போகிறது.

குடும்பத்திலும் தொழில் தொடர்கிறது. ஷான், மான்செஸ்டர் சிட்டிக்கும் செல்சீக்கும் ஆடி முடித்து, இப்போது தொலைக்காட்சியில் ஆட்டங்களை அலசுகிறார். இளையவர் பிராட்லி ரைட்-பிலிப்ஸ், நியூயார்க் ரெட்புல்ஸ் அணியில் 2014, 2016 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க லீகிலேயே அதிக கோல் அடித்தவர். அவரும் அந்த லீகின் ஒளிபரப்பில் அலசல் மேசைக்குப் போய்விட்டார். கால்பந்தைப் பார்க்க விடாமல் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தப்பட்ட சிறுவனின் வீட்டில், கால்பந்தைப் பார்ப்பதே இப்போது மூன்று பேருக்கு வேலை.